ஜெனரேட்டர் வண்டியில் இரண்டு படகு

பெண்டாட்டியோடு ஒரே படகில் உட்கார ஆசைப்பட்டு, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய படகாகப் பார்த்து இரண்டு வாங்கி வந்தவன் நான். இந்தப் பேச்சு எழுந்தால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருகிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில் ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பழைய ஜீப். அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு சின்ன டிரெய்லர், ஜெனரேட்டர் ஏற்றுவதற்கு. அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவளுக்கு மரக்காணம் பக்கம். கழிவெளி ஏரித் தண்ணீரில் அவளுடைய நைனாவின் படகிலேயே வளர்ந்தவள். எங்கள் ஊரிலோ எங்கே பார்த்தாலும் உருட்டி அடுக்கியதுபோலப் பாறை.

"எந்தப் பக்கம் திரும்புனாலும் கல்லுதானா? கண்ணு காஞ்சு போவுதுங்க" என்றாள் ஒருநாள்.

அதையும் கரண்ட் போன நேரத்தில்தான் சொன்னாள். ஒரே கூடத்தில் எல்லோரும் படுக்கிற வீடு. பகலில் நான் அவளிடம் பேசினால் "உப்பு எங்க?" அவள் பேசினால் "தோ." கடைத்தெருவுக்குப் போனால் நான் முன்னால் போவேன், அவள் வெகுதூரம் பின்னால் வருவாள். தண்ணீர் நடுவில் அப்படிப் பின்னால் வர முடியாதல்லவா? ஒட்டுக்கேட்க ஆளில்லாத இடத்தில் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், அவள் தன் ஊர்க்கதையெல்லாம் சொல்லக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பாண்டிச்சேரிக்கு செட் போடப் போனபோது, மூடிக்கிடந்த ஒரு படகு கிளப்பில் இரண்டு பைபர் படகுகளைப் பார்த்தேன். மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. "ஜோடியாத்தான் குடுப்போம்" என்றார் வாட்ச்மேன். ஜோடி என்று காதில் விழுந்த பிறகு நான் வேறெதையும் பார்க்கவில்லை. லாரியில் வந்ததை வீட்டு வாசலில் இறக்கியபோது அவள்தான் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுல நீங்க குந்திக்குனா நான் எங்க குந்தறது?"

நான் படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளே வழியும் சொன்னாள்: "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சி மேல பலகையக் கட்டுங்க. பலக மேல ரெண்டு பேரும் குந்திக்கலாம்."

மழை முடிந்து பனமலை ஏரி நிறைந்திருந்தது. படகைக் கொண்டுபோக டிரெய்லரை மாற்ற வேண்டும். எங்கள் கடைக்கு எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா மச்சான், ஜெனரேட்டர எறக்கிட்டு ஓடத்த ஏத்தறியா? கல்யாண வூட்டுக்காரன் லைட் கேட்டா துடுப்பக் குடுப்பியா?"

"நீ வெல்டிங்க வை பாய்."

"எதுக்குன்னுதான் சொல்லேன்."

"சும்மா. ஒரு வேலையா."

பக்கத்தில் பக்கத்தில் வைக்க டிரெய்லரில் அகலம் போதவில்லை. அதனால் நான்கு மூலையிலும் இரும்பு ஆங்கிள் நிறுத்தி, குறுக்கே பைப் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டுப் போட்டோம். படகில் கீறல் விழாமலிருக்கப் பைப்பில் பழைய சைக்கிள் டயரைச் சுற்றினேன். ஜீப்போடு மாட்டுகிற முன்கம்பியை நீட்டி வெல்டிங் வைத்தார் பாய். ஓட்டிப் பார்த்தால் படகு இரண்டும் ஆட்டுக்குட்டி மாதிரி குதித்தன. ஜெனரேட்டரின் கனத்துக்குப் போட்ட ஸ்பிரிங், இந்த லேசை மதிக்கவில்லை. ஸ்பிரிங் பட்டை இரண்டைக் கழற்றியும் அடங்காமல், மணல் மூட்டை போட்ட பிறகுதான் வண்டி நிதானத்துக்கு வந்தது.

மறுநாள் கிளம்பினோம். அவள் பின் சீட்டில். மல்லிகைப்பூ வாசனை மட்டும் முன் சீட்டுக்கு வந்தது.

ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் டீக்கடையில் நிறுத்தினேன். டிரெய்லரில் இரண்டு படகு, பலகை, கயிறு. ஜீப்பின்மேல் என் ஒலி ஒளி போர்டு. டீக்கடைக்காரர் வெளியே வந்தார்.

"இன்னாபா, எந்தக் கோயிலுக்குத் தெப்பம்?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஜீப்புக்குள்ளிருந்து அவளும் பார்த்தாள். பெண்டாட்டியைப் படகில் ஏற்ற வந்திருக்கிறேன் என்று அத்தனை ஆம்பளைகள் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"எங்க ஊரு கோயிலுக்குத்தான். வெள்ளோட்டம் உட்டுப் பாக்கலாம்னு..."

டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்துகொண்டார்கள்.

நாங்கள் படகுகளை இறக்கி, சேர்த்துப் பலகை கட்டி முடிப்பதற்குள் பாதி ஊர் கரைக்கு வந்துவிட்டது. படகுக்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். பலகை நடுவில் மாவிலை செருகிய சொம்பு ஒன்று ஏறியது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலைப் பலகைமேல் வைத்தாள்.

"ஏம்மா, சாமி குந்தற எடத்துல காலு வக்கலாமா? அப்பிடித் தள்ளி நில்லு" என்றார் ஒரு அம்மாள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் இறுக்கமாகவே இருந்த ஒரு முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

மஞ்சள் படகில் நான், நீலத்தில் டீக்கடைக்காரர், நடுவில் சொம்பு. எனக்கு நீச்சலும் தெரியாது. கரையில் குலவை போட்டார்கள். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். சாம்பல் நிறப் பறவைக் கூட்டம் ஒன்று தலைக்குமேல் போனது. அதன் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கிற தூரத்தில் அவள் இல்லை. சொம்பு இருந்த பலகையையே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டேன்.

இருட்டுவதற்குள் படகுகளை மறுபடி டிரெய்லரில் ஏற்றிக் கிளம்பினோம். எங்களுக்கு முன்னால் சேதி பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் எங்கள் கோயில்காரர்கள் மாலையோடு வாசலில் நின்றார்கள். இப்படி ஒரு பக்தனா என்று எனக்கே போட்டார்கள். தெப்பத்துக்கென்று படகுகளை டிரெய்லரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். டிரெய்லர் மட்டும் அப்புறம் திரும்பி வந்தது.

அவர்கள் போன பிறகும் மாலையைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றிருந்தேன். அவள், வந்தவர்கள் குடித்து வைத்த மோர் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்த டீக்கடக்காரன் இன்னா உங்களக் கடிச்சா தின்னுடுவான்? எம்பொண்டாட்டிக்குன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"