பதினான்கு நாள் தாளம்

பதினோரு வருஷமாக ஒரே ஒரு விண்மீனைக் கட்டிக்கொண்டு அழுகிறவளைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? கொஞ்சம் கழன்ற கேஸ் என்றுதானே? அலுவலகத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். முகத்துக்கு நேரே சொல்லாமல், 'தாளக்காரி' என்று பட்டப்பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விண்மீனை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது. மூன்றாம் மாடியில், ஜன்னல் திறக்க வராத ஓர் அறையில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எண்களைத்தான் பார்த்தாள். நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைமேல் இருந்த சின்னத் தொலைநோக்கி அந்த எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

விண்மீனோ பச்சைக் குழந்தை. பிறந்து பத்து லட்சம் வருஷம்கூட ஆகவில்லை. நமக்குத்தான் அது பெரிய கணக்கு. விண்மீன்களுக்கு அது தொப்புள்கொடி காயாத வயசு. எந்தத் தூசியிலிருந்து பிறந்ததோ அதையே இன்னும் போர்த்திக்கொண்டு கிடந்தது. இந்த வயசில் ஒளி ஒரு நிலையில் நிற்காது, கூடும், குறையும், சிணுங்கும். அந்தச் சிணுங்கலுக்குள் எத்தனை தாளம் கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. கணிதத்தில் இதற்கு இசைமப் பகுப்பாய்வு என்று வாய் நிறையப் பெயர். விஷயம் என்னவோ நம் வீட்டு விஷயம்தான். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே நேரத்தில் மிக்சி ஓடும், தண்ணீர் மோட்டார் ஓடும், எவனாவது சுவரில் ஆணி அடிப்பான். படுத்தபடியே இது மேல்வீடு, இது எதிர்வீடு என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அதுதான்.

அவளுக்கு அது கைவந்த கலை. ஐம்பத்தோரு வயசு, இரண்டு அறை வீடு, ஒற்றை ஆள். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது, ஆனால் அவர் வீட்டுத் துவைக்கும் இயந்திரம் செவ்வாயும் சனியும் ஓடும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை தொலைபேசியில் கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் கைபேசி சார்ஜில் கிடக்கும், அவ்வளவுதான்.

எட்டாவது வருஷத்தில் அவளுக்கு ஒரு தாளம் சிக்கியது. சிணுங்கல் எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு வாரம் துளி மங்கல், அடுத்த வாரம் துளித் தெளிவு, மறுபடி மங்கல். சுற்று பதினான்கு நாள், மிஞ்சினால் இருபது நிமிஷம் முன்னே பின்னே. அக்கம்பக்கத்து விண்மீன்களில் அது இல்லவே இல்லை. பூமி சுழல்வதால் வருகிறதா, நிலா வளர்ந்து தேய்வதால் வருகிறதா, பருவம் மாறுவதால் வருகிறதா என்று மூன்று வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டு சோதித்தாள். எதுவும் இல்லை. அப்படியானால் ஒரே ஒரு பதில்தான். அந்தத் தூசிக்குள் ஒரு கோள் பிறந்துகொண்டிருக்கிறது, தூசியை இழுத்துக்கொண்டு தாயைச் சுற்றுகிறது!

அதற்கு அவள் 'குட்டி' என்று பெயர் வைத்தாள். தங்கையிடம் மட்டும்தான் சொன்னாள்.

"உன் குட்டி எப்படிக்கா இருக்கு?" என்பாள் தங்கை ஒவ்வொரு ஞாயிறும்.

"ஜம்முனு இருக்கு. இந்த வாரம் மங்கல், அடுத்த வாரம் பளிச்சுனு வந்துரும் பாரு."

கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினாள். பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் படித்துவிட்டு, நல்ல வேலை, வெளியிடலாம் என்று எழுதினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். ஐந்தாம் வருஷம் எட்டு வாரம் தாளம் நின்றுபோய்ப் பிறகு தொடர்கிறதே, ஏன்?

அவளும் அதைப் பார்க்காமல் இல்லை. தடித்த தூசி நடுவில் வந்து மறைத்திருக்கும் என்று அன்றே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். அதையே பதிலாகவும் எழுதினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு பத்தியை அப்படியே அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? குட்டி அச்சேறியிருக்கும். ஆனால் விட்டாளா? அந்த எட்டு வாரம் மலையில் வானம் தெளிவாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் வலுவாக இருக்குமே என்று தோன்றிவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மலைக்குத் தொலைபேசியில் பேசினாள்.

எடுத்தவர் பெரியவர். தொலைநோக்கியை இயக்குகிற இரண்டு பேரில் மூத்தவர்.

"மேகமெல்லாம் இல்ல மேடம்," என்றார், பதிவேட்டைப் புரட்டிவிட்டு. "நல்லாத்தான் இருந்திருக்கு. ஆனா அப்ப நான் இல்ல. எட்டு வாரமும் சின்னவர்தான் தனியா பாத்தாரு."

"எப்பவும் யாரு பாப்பீங்க?"

"ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவரு. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

அவள் எண்கள் இருந்த திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே சார் வேலை செய்வீங்க?"

"ஒரே மாதிரிதான். ஃபோகஸ் பண்ற குவியத் திருகை மட்டும் நான் முழுசா முறுக்க மாட்டேன், கால் சுத்து லூசா விடுவேன். பிரகாசமான நட்சத்திரமெல்லாம் காமிராவுல பொங்கி வழிஞ்சிரும்ல? சின்னவரு டைட்டா வெச்சிருவாரு. சொன்னா கேக்க மாட்டாரு."

முடிந்தது கதை. குவியம் கால் சுற்று தளர்ந்தால் விண்மீனின் படம் கொஞ்சம் பரவும். மற்ற விண்மீன்களைச் சுற்றி வெறும் இருட்டு, அதனால் அவற்றின் கணக்கு மாறாது. இந்தப் பச்சைக் குழந்தையைச் சுற்றியோ ஒளிரும் தூசி. அந்த வெளிச்சம், ஒளியை அளக்கப் படத்தில் போடும் வட்டத்தைவிட்டு வெளியே சிந்தும், அளவு குறையும். பெரியவர் வாரம் மங்கல், சின்னவர் வாரம் தெளிவு. பூமியைச் சோதித்தாள், நிலாவைச் சோதித்தாள், சூரியனைக்கூட விடவில்லை. இரண்டு மனுஷர்கள் மாறி மாறி வேலைக்கு வருவார்கள் என்பது மட்டும் அந்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை!

"அந்த எட்டு வாரம் ஏன் சார் வரல?"

"வீட்டுக்காரி தவறிட்டா மேடம்." "திரும்பி வந்தப்ப இங்க யாரும் எதுவும் பெருசா கேக்கல. ஆறு வருஷம் கழிச்சு நீங்கதான் கேக்குறீங்க."

அவள் கேட்டாள்: "திரும்ப வேலைக்கு எந்தத் தேதியில வந்தீங்க?"

ஆமாம், அதைத்தான் கேட்டாள். அவர் தேதியைச் சொன்னார். திரையில் தாளம் மறுபடி தொடங்கிய அதே நாள்.

"நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா மேடம்? இனிமே முழுசா முறுக்கிடவா?"

"தப்பெல்லாம் என்னோடது சார். முறுக்கிடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வரை இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எழுதி வைத்த பதிலை அழித்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நாலு வரி எழுதி அனுப்பினாள். துறைத்தலைவர் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றார். எதற்குப் பொறுப்பது என்று அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் தங்கை கூப்பிட்டாள்.

"குட்டி எப்படிக்கா இருக்கு?"

"குட்டி இல்லடி."

"என்னக்கா சொல்ற? என்னாச்சு அதுக்கு?"

"ஒண்ணும் ஆகல. எப்பவுமே இருந்ததில்ல."

தங்கை மெதுவாக, "சாப்டியாக்கா?" என்றாள். அக்காவுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. மூன்று வருஷம் தனக்கென்று ஒன்று இருப்பதாக நினைத்து அந்த வீட்டில் நடமாடியவள் அவள். பெற்றுப் பறிகொடுத்தவர்களுக்காவது நாலு பேர் வருவார்கள், இவளுக்கு யார் வருவார்கள்?

இரண்டு மாதம் கழித்து, வந்து சேர்ந்த புது எண்களைப் பகுத்துப் பார்த்தாள். வரைபடத்தில் பதினான்கு நாள் தாளம் எழும்ப வேண்டிய இடத்தில் ஒரு மேடும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெரியவர் சொன்ன சொல் தவறாமல் திருகை முழுசாக முறுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மனுஷர் மனைவி செத்ததைச் சொல்கிறார், இவள் தேதி கேட்டிருக்கிறாள்! அந்தம்மா எப்படி இறந்தார், பிள்ளைகள் இருக்கிறார்களா, இப்போது சமையலுக்கு என்ன செய்கிறார், ஒரு வார்த்தை கேட்டாளா? இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று, என்னென்ன பேச வேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைத்துக்கொண்டு மலைக்குப் பேசினாள்.

சின்னவர் எடுத்தார்.

"பெரியவர் இருக்காரா? இது அவரு வாரமா?"

"எல்லாம் என் வாரந்தான் மேடம் இப்ப. புது ஆள் இன்னும் போடல. அவரு ரிட்டயர் ஆயி ரெண்டு மாசம் ஆச்சே. நீங்க பேசினீங்களே, அதுதான் அவருக்குக் கடைசி வாரம். எந்த ஊருக்குப் போனாருன்னு இங்க யாருக்கும் தெரியல. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.