அக்கரையில் ஒரு அக்கா

எதிரே வந்த காரோட்டி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார். என் காரில் ஏதோ கோளாறென்று நினைத்து, ஓரமாக நிறுத்தி நான்கு சில்லையும் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அது வணக்கமாம். ஜெர்மனியின் எசன் நகரத்தில் பல வருடம் இருந்த எனக்கு, முன்பின் தெரியாதவர்கள் வணக்கம் சொல்வார்கள் என்று எப்படித் தெரியும்?

லூஹோ-டானன்பெர்க் மாவட்டத்தில் ஆட்களைவிட மரங்கள்தான் அதிகம். முதியோரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்காக இங்கே வந்தேன். வீடுகளெல்லாம் நடு முற்றத்தைப் பார்த்தபடி வட்டமாக நிற்கும் கிராமங்கள். இங்கே வெண்டியர் என்ற ஸ்லாவிய மக்கள் வாழ்ந்தார்களாம். அவர்களுடைய மொழி அழிந்துவிட்டது. ஊர்ப்பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்ட அன்று, ஜெர்மன் மொழியில் சண்டை பிடிக்கும் என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

நான் பராமரிக்கும் மூதாட்டி ஃப்ரௌ (திருமதி) வேபர் ஒருநாள், "என்ரை அக்கா ட்ரூபன்" என்றார். அந்தப் பக்கம் என்று பொருள். மேலுலகம் என்று விளங்கிக்கொண்டு அனுதாபம் சொன்னேன்.

"அவ சாகேல்லை!" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அந்தா, எல்பே ஆத்துக்கு அங்காலை தெரியிற சிவப்புக் கூரை."

அக்கா கலியாணம் கட்டி ஆற்றைக் கடந்து போனவர். பிறகு ஜெர்மனி கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிய, எல்பே ஆறே இரு நாடுகளின் எல்லையாகிவிட்டது. அக்கரையில் வேலியும் காவல் கோபுரமும் எழுந்தன. கூரையைப் பார்க்கலாம், போக ஏலாது. எல்லை திறந்தபின் படகில் போய்வந்திருக்கிறார்கள். இப்போது அக்கா படுக்கையில். ஆறு வற்றியதால் படகு ஓடவில்லை. பாலத்தால் சுற்றிப்போகும் தூரத்தை இவருடைய இடுப்பு தாங்காது.

"தண்ணி வரமுந்தி அவ போயிடுவா" என்றார்.

நல்ல மழை பெய்து, படகு மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த ஞாயிறு எனக்கு லீவு.

"வாங்கோ, போவம்."

"லீவிலை வேலை செய்ய உமக்கு அனுமதி இருக்கோ?"

"இது வேலையில்லை."

காரையும் ஏற்றிப்போகும் தட்டைப் படகு. யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறையில் இதைப் 'பாதை' என்போம். அங்கே கடல், இங்கே ஆறு. டீசல் மணம் மட்டும் ஒன்றுதான். ஃப்ரௌ வேபர் கரை வரும்வரை என் கையை விடவில்லை.

அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்கா தலையணையில் சாய்ந்தபடி தங்கையை மேலும் கீழும் பார்த்தார்.

"அது என்ரை கோட்டெல்லோ?"

"நீதானே தந்தனீ!"

"தரேல்லை. விட்டிட்டுப் போனனான்."

இருவரும் அதே விடாப்பிடியோடு கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தேத்தண்ணி போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா என் பக்கம் திரும்பினார். "உங்கடை ஆக்கள் எந்தப் பக்கம்?"

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணனை நினைத்துக்கொண்டு, யன்னல் பக்கம் கையை நீட்டினேன். கண்ணாடிக்கு வெளியே ஆறும், நாங்கள் புறப்பட்டு வந்த கரையும் தெரிந்தன. அக்கா அதைப் பார்த்து, "ஓ, கிட்டத்தான்" என்றார். நான் திருத்தவில்லை. நீட்டிய கையை இறக்கவுமில்லை.