ரெண்டும் ஒண்ணுதான்

என் அண்ணனைக் கடைக்கு வருகிறவர்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் டாக்டர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாகக் கண் பரிசோதித்து, வில்லை தேய்த்து, சட்டத்தில் பொருத்தித் தருகிறவன். "டாக்டர் எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவன், அவ்வளவுதாங்க. அதுவே பெரிய படிப்பு" என்பான்.

கடை சின்னது. நாற்காலிக்கும் எழுத்துப் பலகைக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தில் பாதிதான் அந்த அறையில் உண்டு. அதனால் எழுத்துகளை இடவலம் மாற்றி அச்சடித்துப் பின்சுவரில் மாட்டியிருந்தான். உட்கார்ந்திருப்பவர் எதிர்ச்சுவரில் இருக்கும் நிலைக்கண்ணாடியைப் பார்த்துப் படிக்க வேண்டும். கனத்த வட்டச் சட்டம் ஒன்றை முகத்தில் மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பான்.

"ஒண்ணு தெளிவா... ரெண்டு தெளிவா?"

பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த நாற்காலியில் பரீட்சை எழுதுகிறவர்கள்போல ஆகிவிடுவார்கள். "தப்பாச் சொன்னா அடிக்க மாட்டேன், சும்மா சொல்லுங்க" என்று தைரியம் சொல்வான். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் அவர்கள் தயங்கி, ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். அண்ணன் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு மேல் கேட்டால் கண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பான்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அண்ணி இரண்டு திரைச்சீலைத் துணிகளைத் தூக்கிப் பிடித்து எது நல்லாயிருக்கு என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்" என்போம். எதை எடுத்தாலும் சரி, வேலை முடிந்தது. "இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒரே பதில்தான் தெரியும்" என்று அண்ணி துணியை மடிப்பார்.

சென்ற வருடத் தொடக்கத்தில் அண்ணனின் கையிலிருந்து திருகாணிகள் விழத் தொடங்கின. கண்ணாடிக் காம்பைப் பிடித்திருக்கும் திருகாணி எறும்புத் தலை அளவுதான் இருக்கும். அதை விரல் நுனியிலேயே எடுத்துப் பொருத்திவிடுகிறவன், ஒரு நாளில் ஏழெட்டு முறை தரையில் மண்டியிட்டுத் தேடினான். நரம்பு டாக்டர் ஊசியால் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முதலில் நுனியில் உணர்ச்சி குறையும், பிறகு பலமும் குறையும், நிறுத்த மருந்து இல்லை, தள்ளிப்போடத்தான் மருந்து என்றார். எவ்வளவு தள்ளிப் போகும் என்று அண்ணி கேட்டார். ஒரு வருடம், கொஞ்சம் கூடவோ குறையவோ என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் காலணியைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னான். "கடைசிப் பாகத்தை முடிச்சிடணும்டா. நீயும் நானும்."

அது ஒரு வீடியோ கேம். சிறையிலிருந்து தப்பிய இரண்டு பேர் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு மலை மலையாகத் தாண்டிப் போகும் கதை. தனியாக ஆட முடியாது. ஒருவன் ஏறும்போது மற்றவன் கையிலிருக்கும் கன்ட்ரோலரின் பின்பக்க விசையை அழுத்திக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். அவன் விட்டால் இவன் விழுவான். ஐந்து பாகங்களை நாங்கள் பதினொரு வருடத்தில் முடித்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அண்ணன் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு உட்கார்ந்தால் அண்ணி விளக்குப் போடும்வரை "பிடி, பிடி, விடு" என்ற சத்தம்தான். நான் அதிகம் பேசாதவன். அண்ணனோடு நான் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும்.

ஆறாவதும் கடைசியுமான பாகம் அந்த வருடம் வந்தது. எங்கள் பழைய கன்சோலில், அந்த விளையாட்டுப் பெட்டியில், அது ஓடாது, புதிது வாங்க வேண்டும். சந்தையில் இருந்தவை இரண்டு. ஒன்று கறுப்பு, இன்னொன்று வெள்ளை. போட்டி நிறுவனங்கள், ஒருவருடைய விளையாட்டு மற்றவருடைய பெட்டியில் ஓடாது. எங்கள் மலை கறுப்பில் மட்டும்தான் இருந்தது. ஆனால் கறுப்பின் பின்பக்க விசை கனமானது. கயிற்றின் இழுப்பு நிஜம்போலத் தெரிய வேண்டும் என்று அதை விரலுக்கு எதிராகத் தள்ளும்படி செய்திருந்தார்கள். எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். வெள்ளையின் விசைகள் மெத்தென்றவை. அதற்கு ஓர் அகலப் பலகையும் உண்டு. கை பலவீனமானவர்கள் உள்ளங்கையால் தட்டி ஆடுவதற்காக, தட்டு அளவில் இரண்டு பொத்தான்கள் வைத்தது.

மூன்று வாரம் நான் இதையே படித்தேன், பார்த்தேன். அண்ணி ஒருநாள், "பொண்ணு பார்க்கச் சொன்னப்போ போட்டோவை நிமிர்ந்துகூடப் பார்க்கல. இதுக்கு இவ்வளவு விசாரிப்பா?" என்றார்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவனுக்கு ஒரு பொண்ணைக் கயித்துல கட்டிக் குடுத்தாத்தான் உண்டு."

நான் வெள்ளை என்றேன். அண்ணன் கறுப்பு என்றான்.

"கதை அதுலதானேடா இருக்கு?"

"உன் கை?"

"கைக்கு என்ன? சோறு சாப்பிடலையா?"

கடையில் வைத்தே பார்த்துவிடலாம் என்று போனோம். கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடை. இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்து மேடைகளில் வைத்து, ஆடிப் பார்க்கக் கன்ட்ரோலர்களைக் கம்பியில் கட்டியிருந்தார்கள். விற்பனையாள் எங்களைவிடச் சின்னவர், எங்களைவிட நிறைய தெரிந்தவர். "யாருக்கு சார், பசங்களுக்கா?" என்றார்.

"பசங்களுக்குத்தான். இவன் என் தம்பி, பையன். நான் இவனுக்கு அண்ணன், பெரிய பையன்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணனைக் கண்ணை மூடச் சொன்னேன். முதலில் கறுப்பைக் கையில் வைத்து, விரலை விசையின்மேல் வைத்து அழுத்தச் சொன்னேன். பிறகு வெள்ளை. மறுபடி கறுப்பு. அவனுடைய குரலிலேயே கேட்டேன்.

"ஒண்ணு லேசா... ரெண்டு லேசா?"

அண்ணன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தூரத்துச் சத்தத்தைக் கேட்கிறவன்போல இருந்தான். இமைகள் மூடியே இருந்தன. இன்னொரு முறை என்றான். மாற்றி வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.

எனக்கு அப்படியொரு நிம்மதி. விற்பனையாளிடம் கறுப்பை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னதுகூட நான்தான். மூன்று பேரோடு ஒரே நாளில் பேசியதுபோல மூச்சு வாங்கியது.

முதல் ஞாயிறு நன்றாகத்தான் போனது. பனிமலை. இரண்டாம் ஞாயிறு நான் பாறையின் நடுவில் தொங்கும்போது கயிறு நழுவியது, விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன்.

"தூங்கறியாண்ணா?" என்றேன்.

"உன் வெயிட்டைக் குறைடா. அந்தப் பாறையே அழுவுது."

மூன்றாம் ஞாயிறு ஒரே இடத்தில் பதினான்கு முறை விழுந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய நாளில் நான் பேசினேன். "கல்யாணம் ஆனா ஆளுங்க இப்படித்தான் ஆயிடுவாங்க போல. பிடின்னா பிடிக்கறதில்ல." அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகப் பதிலுக்கு இரண்டு போடுகிறவர். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நான் சீக்கிரம் போய்விட்டேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். சார்ஜ் போடுவதற்காக அவன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். பின்பக்க விசைகள்மேல் ஏதோ நெருடியது. மூக்குக்கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காருமே, சின்ன ரப்பர் துண்டு, அதை விசைக்கு இரண்டாக ஒட்டியிருந்தான். ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. உடைந்த சட்டத்தை ஒட்டினால் ஒரு பொட்டுப் பசை வெளியே தெரியாமல் ஒட்டுகிறவன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். நான் அதைக் காட்டினேன்.

"வழுக்குதுன்னு ஒட்டினேன்" என்றான்.

"வழுக்குதா?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "விரல் அதுமேல இருக்கா இல்லையான்னே தெரியலடா. ஏதாவது மேடு இருந்தாத் தெரியுமோன்னு பார்த்தேன்."

"கடையில ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னியே?"

"ஆமா. ரெண்டுலயும் ஒண்ணும் தெரியல. அதைத்தான் சொன்னேன்."

கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்தேன். அவனே தொடர்ந்தான். "நீ வேற அர்த்தத்துல எடுத்துக்கிட்டேன்னு அங்கேயே தெரிஞ்சுது. மூஞ்சியெல்லாம் சிரிப்பு உனக்கு. திருத்தியிருக்கலாம். எனக்கும் கறுப்பு மேலதானே ஆசை."

அண்ணி காப்பி டம்ளர்களை வைத்துவிட்டுச் சொன்னார். "ராத்திரியெல்லாம் தனியா உட்கார்ந்து பழகினாருப்பா. தம்பி விழாம இருக்கணும்னு."

அன்று நாங்கள் ஆடவில்லை. நான்தான் பேச வேண்டியிருந்தது, எனக்குப் பழக்கமில்லாத வேலை. கறுப்பையே வைத்துக்கொண்டால் அவன் இடத்தில் அண்ணி பிடிக்கலாம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லலாம், கதையை முடித்துவிடலாம். இல்லையென்றால் கறுப்பைக் கொடுத்துவிட்டு வெள்ளையையும் அந்தப் பலகையையும் எடுத்துக்கொள்ளலாம். அதில் மலை இல்லை, கதை இல்லை, கார் பந்தயம் மாதிரி ஏதாவதுதான் இருக்கும். ஆனால் அவன் ஆடலாம். இரண்டையும் சொல்லிவிட்டு, "நீ சொல்லு. இந்தத் தடவை நல்லாப் புரியறமாதிரி சொல்லு" என்றேன்.

அண்ணன் திரையைப் பார்த்தான். அதில் எங்கள் இரண்டு ஆட்களும் பனியில் நின்றபடி எங்களுக்காகக் காத்திருந்தார்கள். காற்றில் கயிறு மட்டும் ஆடியது.

"இனிமே பார்க்கறதுக்கு எனக்கு நிறைய கிடைக்கும்டா. ஆடறதுக்குத்தான் கொஞ்சம் இருக்கு. வெள்ளை."

அதே கடை. அதே விற்பனையாள். "என்ன சார், கறுப்பு பிடிக்கலையா?" என்றார். அண்ணன், "எங்களுக்குப் பிடிச்சுது. அதுக்குத்தான் எங்களைப் பிடிக்கல" என்றான். பழைய பொருளாக எடுத்துக்கொள்ளும் பிரிவில் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். கன்ட்ரோலரில் ஒட்டியிருந்த ரப்பர் துண்டுகளை அங்கிருந்த பெண் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. எங்கள் முன்னாலேயே பெட்டியில் இருந்ததையெல்லாம் அழித்தாள். எங்கள் ஆட்கள் இருவரும் எந்த மலையில் நின்றிருந்தார்களோ, அந்த இடமும் போனது. அந்தக் கதை எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ பேர் முடிவை இணையத்தில் எழுதியிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

கார் பந்தயம் எங்களுக்கு அவமானமாக இருந்தது. பொம்மைக் கார்கள், பொம்மைச் சாலை. ஆனால் அண்ணன் அந்தப் பலகையைத் தொடையில் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தட்டித் தட்டி முதல் வாரமே என்னைத் தோற்கடித்தான். வலது தட்டு ஓட, இடது தட்டு திரும்ப. "இதுக்கு இவ்வளவு பெரிய பொத்தான் எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. உன்னை அறையற மாதிரியே இருக்கு" என்றான். ஒன்பது வாரம் ஆடினோம். நான் வேண்டுமென்றே ஒரு முறைகூடத் தோற்கவில்லை. தோற்றால் கண்டுபிடித்துவிடுவான்.

இதற்கிடையே கடையில் திருகாணி வேலைக்கு வேறு ஆள் வந்தார். அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கேள்வி மட்டும் கேட்பான், வில்லைகளை அவர் மாற்றுவார்.

பத்தாவது ஞாயிறு, பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அண்ணனின் கார் சாலையோரமாக ஒதுங்கி நின்றது. திரும்பிப் பார்த்தேன். வலது கை தட்டின்மேல்தான் இருந்தது. தோளிலிருந்து அதை அழுத்தப் பார்த்தான். கை பலகையின் ஓரத்துக்கு நழுவியது. இடது கையால் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தான். கார் ஒரு முழம் நகர்ந்து நின்றது.

நானும் என் வண்டியை நிறுத்தினேன்.

"எதுக்குடா நிக்கற?"

"சும்மா."

"எனக்காக நிக்காத. கெட்ட கோபம் வரும். போ."

போனேன். திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. என் பாதியில் மரங்கள் ஓடின, பாலம் வந்தது, வளைவு வந்தது. சுற்று முடிகிற இடத்தில் சாலையோரமாக அண்ணனின் சிவப்பு வண்டி நின்றது. அதைத் தாண்டினேன். அவனுடைய பாதியில் மரம் ஒன்று அசையாமல் இருக்க, பின்னாலிருந்து என் வண்டி வந்து, பெரிதாகி, கடந்து, சின்னதாகிப் போனது.

"வளைவுல பிரேக் போடாத. அங்கதான் நீ நேரத்தை விடற" என்றான் அண்ணன்.

மொத்தம் எட்டுச் சுற்று. எட்டு முறையும் அவனைத் தாண்டிப் போனேன்.