வண்டியில் ஏறினால் ஆடி மாசம்

துப்பாக்கியை நடுவில் மடக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, குழல் வழியே வானத்தைப் பார்த்தார் மகேஸ்வரி. வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. அது போதாதென்று சுண்டுவிரலையும் விட்டுத் துழாவினார். தோட்டா இருக்க வழியே இல்லை. இருந்தாலும் வண்டியில் ஏற்றும்முன் இரண்டு தடவை பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

உறைக்குள் போன துப்பாக்கி, அவருடைய குட்டியானைச் சரக்கு வண்டியின் இருக்கைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. தோட்டாக்கள் பின்பக்கம், ஊரார் ஏற்றிவிட்ட மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே பூட்டிய தகரப் பெட்டியில். “வண்டியில ஏறிட்டா ரெண்டுக்கும் ஆடி மாசம். மாப்ள இங்க, பொண்ணு அவ அம்மா வூட்ல. ஒண்ணா வுட்டா வம்புதான்” என்பார்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கொல்லைக்காட்டில் மரவள்ளி போட்டிருக்கிறார். அப்பா இறந்தபின் பயிர்க் காவலுக்கான உரிமம் இவர் பேருக்கு வந்தபோது ஊரே சிரித்தது. இவர் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். “இதால ஒரு பன்னியக்கூட அடிச்சதில்ல, அடிக்கவும் கூடாது. வானத்தப் பாத்து ஒரு வெடி, அவ்ளோதான்.”

இப்போது சிரிக்கிற நிலைமையில் இல்லை. தேர்தல் அறிவித்தாயிற்று. உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். ஓட்டு எண்ணி முடியும்வரை திரும்பக் கிடைக்காது. மரவள்ளியோ பிடுங்கும் பருவத்தில் நிற்கிறது. போன தேர்தலுக்குத் துப்பாக்கி இல்லாத நாட்களில் காட்டுப்பன்றிகள் பாதிக் கொல்லையைக் கிளறிப் போட்டன. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கொல்லைக்கு மேலே இருக்கும் வளைவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அருள் கையைப் பிடித்தார். “மகேசு, நிறுத்து. இன்னும் நம்ம கைலதான இருக்குது? போறதுக்கு முன்னால ஒரு வெடி போட்டுட்டுப் போவலாம். ஒரு வாரம் பன்னிங்க இந்தப் பக்கம் தல காட்டாது.”

வண்டி நின்றது. மகேஸ்வரி கொல்லையைப் பார்த்தார். ஆசை யாரை விட்டது?

“வேணாம் மாமா. ரோட்டு மேல நின்னு வெடிச்சா லைசென்சே பூடும். ஒரு வெடிக்கு ஆசப்பட்டு ஒட்டுமொத்தமா வுட்டுட்டு நிக்கணும்.”

சோதனைச் சாவடியில் ஒரு புதுக் காவலர். வேறு மாவட்டத்துக்காரர். உரிமத்தைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். “லோடு இருக்கா?”

நாளெல்லாம் மூட்டை ஏற்றி இறக்குகிறவரிடம் இப்படிக் கேட்டால்? “ஃபுல் லோடுங்க சார்” என்றார் மகேஸ்வரி, பெருமையாக.

காவலர் இரண்டடி பின்னால் போனார். “எறங்கும்மா கீழ!”

அவர் கேட்டது துப்பாக்கியைப் பற்றி என்று மகேஸ்வரிக்கு அப்புறம்தான் உறைத்தது. “ஐயோ சார், அது வண்டி லோடு, மரவள்ளி! துப்பாக்கிக்கு ஆடி மாசம் சார்!”

காவலருக்கு இன்னும் குழம்பியது. அவர் சொன்னபடி உறையைப் பிரித்து, குழலை மடக்கி வெளிச்சத்தைக் காட்டி, பின்னால் இருந்த பெட்டியையும் காட்டி, ஆடிக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மகேஸ்வரிக்கு வேர்த்துவிட்டது. அந்த ஆள் சிரித்தே விட்டார். “எனக்கு இந்த வேலையில வருசம் பூரா ஆடிதாம்மா. போங்க.”

காவல் நிலையத்தில் துப்பாக்கியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார் மகேஸ்வரி. திரும்பும் வழியெல்லாம், பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வந்த வீட்டைப்போல இருந்தது வண்டி.

அதே வளைவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கீழே மரவள்ளிக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. ஒன்று, அதன் பின்னால் இன்னும் நாலைந்து.

“பன்னிங்க வந்துட்ச்சிங்க” என்றார் அருள். “இன்னா பண்றது இப்ப?”

மகேஸ்வரி வண்டியைக் கொல்லைப் பக்கம் திருப்பி நிறுத்தினார். விளக்கை முழு வெளிச்சத்தில் போட்டார். பிறகு ஹாரன் மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரமெல்லாம் அதில் இறங்க அழுத்தினார். மலை முழுக்க அலறியது. கடைசிப் பன்றி புதருக்குள் மறைந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.