பீப்பாய்க்குப் போர்த்திய கம்பளி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்து கணவரின் அலறல் – "ஐயோ! யாரு இதைப் பண்ணுனது?"

ஓடினேன். அவர் பீர் புளிக்க வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் டிரம்மின் மூடி ஒரு மூலையில் கிடந்தது. தரையெல்லாம் நுரை. டிரம்மைச் சுற்றி ஒரு கம்பளி, அதற்கு மேல் ஒரு தடித்த கம்ஃபர்ட்டர் போர்வை. இரண்டும் என் மாமியாருடையவை. நல்லவேளை, அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

நியூ ஜெர்சி குளிரில் ஆளுக்கொரு பைத்தியம் பிடிக்கும். இவருக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சும் பைத்தியம். இத்தனை நாள் ஒரு கேலன் ஜாடியில், கிச்சன் ஓரமாக நடந்தது. ஃபுட்பால் பார்க்க நண்பர்களைக் கூப்பிட்டதால் இந்த முறை பதினைந்து கேலன்! கராஜில் கல்யாண வீட்டு சைஸில் பாத்திரம், வீடு முழுக்க மால்ட் வாசனை... ஒரு கேலன் வரை அது ஹாபி. பதினைந்து கேலன் என்றால் குடும்ப விவகாரம் இல்லையா?

கோபியிலிருந்து வந்திருக்கும் மாமியார் கேட்டேவிட்டார். "என்ன சாமி காய்ச்சற?" இவரும் மறைக்காமல் சொன்னார்.

அதோடு மகனிடம் பேச்சு நின்றது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். மகன் வீக்கெண்டில் ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்பவர் என்று சொன்னால் மட்டும் மனசு கேட்குமா? "அவனச் சாப்பிடச் சொல்லு அம்மிணி" – எல்லாம் என் வழியாகத்தான். ஊருக்குத் திரும்பும் நாள் வேறு நெருங்கியது. பேசாமலே விமானம் ஏறிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அப்படிப்பட்டவர் எதற்குப் போர்த்தினார்? நுரையைப் பற்றி மூச்சு விடாமல், தனியாகக் கேட்டேன்.

"கருமந்தான் அம்மிணி, எனக்கு அதப் பாக்கவே புடிக்கல. ஆனா எத்தன தடவ எறங்கி எறங்கிப் பாக்கறான்! இந்தக் குளுருக்கு இட்லி மாவே பொங்க மாட்டேங்குது. அது பொங்காம போச்சுன்னா மொகம் வாடிப்போயிருவான்ல?"

விஷயம் என்னவென்றால், நிறையப் புளிக்க வைக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பிக்கொள்ளும். அதைத் தணிக்கத்தான் குளிர்ந்த பேஸ்மென்ட். போர்த்தினால் பொங்கி வழியும், ருசியும் கெடும். மாவுக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது.

மாமியார் சொன்னதை அப்படியே இவரிடம் சொன்னேன். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் மாப்போடு படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. ஒன்றை அடியோடு வெறுத்துக்கொண்டே அதற்குக் குளிருமே என்றும் கவலைப்படுகிறவரிடம்... என்ன சொல்லி வாதாடுவது?

மதியம் சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்தபடியே மாமியார் கேட்டார்.

"பொங்குச்சா சாமி?"

"நல்லாப் பொங்குச்சும்மா. நீங்க போத்திவிட்டதாலதான்."

சில நாள் பொறுத்து இவர் டிரம்மை முகர்ந்து பார்த்தால், நெயில் பாலிஷ் வாடை! அம்மா என்னோடு கோயிலுக்கு வந்த நேரமாகப் பார்த்து மொத்தத்தையும் கொட்டிவிட்டார்.

பார்ட்டியில் எல்லோரும் கடையில் வாங்கிய பீரைக் குடித்தார்கள். இவர் கையில் மட்டும் காபி டம்ளர். யார் கலந்து கொடுத்தது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?