படுத்துக்கொண்டு போக ஒரு வண்டி

காலை எட்டரை. தென்காசி ஷோரூம் வாசலில் ஐந்து உர மூட்டைகளோடு போய் இறங்கினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் இதுவரை ஒன்பது வண்டி வாங்கி ஒன்றில்கூட ஏமாந்ததில்லை. என் சுமையை ஏற்றி, என் பாதையில் ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுத்ததில்லை.

விற்பனையாளர் முத்துக்குமார் பதறினார்.

"அண்ணாச்சி, இது டெமோ வண்டி. மூட்டையெல்லாம் ஏத்தப்பிடாது."

"பொண்ணு பாக்கப் போறவன் கண்ணைக் கட்டிக்கிட்டா போவான்? ஏத்துலே."

அடுத்து மகள் வீட்டுக்குப் போனோம். என் மனைவி இசக்கியம்மாள் வைத்தியத்துக்காக அங்கேதான் இருக்கிறாள்; முதுகெலும்பில் புற்றுநோய். உட்கார முடியாது, குலுங்கவும் கூடாது. குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற நாளைத் தோப்பு வீட்டில்தான் கழிப்பேன், ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அதற்கும் ஆகி, தேங்காய்க்கும் உரத்துக்கும் ஆகிற வண்டி வேண்டும். இதற்கு முன் பார்த்த ஒன்று தரையைத் தட்டியது. இன்னொன்றில் மெத்தை விரிக்க நீளம் போதவில்லை.

இதில் சீட்டை மடக்கியதும் மெத்தை கச்சிதமாக அமைந்தது; அவளைப் படுக்க வைத்தோம். சுற்றிலும் மூட்டைகள். ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். சாரலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. படுத்தபடி மரக்கிளைகளை மட்டும் பார்த்தே, "பழைய குத்தாலம் திருப்பம் வந்துட்டா?" என்று கேட்டாள். சரியாகத் திருப்பத்தில் இருந்தோம்.

ஆயிரப்பேரி தாண்டித் தார் முடிந்தது. பிறகு மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறும். வண்டி அமுங்கி அமுங்கிப் போனது. ஒரு முனகல் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டேன்.

பத்தரைக்குத் தோப்பு. உரத்தை இறக்கினோம். பின்கதவைத் திறந்து வைத்ததும் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனை மூணு தென்னைய சாச்சிருக்கே, சொல்லவே இல்ல" என்றாள்.

திரும்பும்போது வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளியது. இரண்டாவது பள்ளத்தில் அவள் அலறினாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"ஸ்பிரிங் பாரத்துக்குன்னே போட்டது அண்ணாச்சி. வெறும் வண்டி தூக்கித்தான் போடும்" என்றார் பக்கத்து சீட்டிலிருந்த முத்துக்குமார்.

"இத முதல்லயே சொல்லுததுக்கு என்னலே?"

"நீங்க எங்க பேச விட்டிய?"

தோப்புக்கே பின்னோக்கி ஓட்டிப் போய், மெத்தையைச் சுற்றித் தேங்காய் மூட்டைகளை அடுக்கினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சந்தைக்குப் போற சரக்கா ஆயிட்டேன்" என்றாள்.

"விலை படிஞ்சா குடுத்துருவேன், பாத்துக்கோ."

சிரித்தாள். அதன் பிறகு தென்காசிவரை ஒரு சத்தமும் வரவில்லை.

மதியம் ஒன்று. மறுபடி ஷோரூம் வாசல். வண்டி தேறிவிட்டது. பதினான்கு லட்சம். பேரம் பேசாமல் நான் வாங்கத் துணிந்த முதல் பொருள் இதுதான்.

"எப்ப கிடைக்கும்?"

"இப்ப புக் பண்ணுனா நாலு மாசம் ஆகும் அண்ணாச்சி. அவ்வளவு பேர் காத்திருக்காங்க."

"இந்த வண்டியையே குடுத்துரும். கேட்ட ரூவா தாரேன்."

"டெமோ வண்டிய விக்க முடியாது அண்ணாச்சி."

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்ன காலம் அதில் பாதி.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து இசக்கியம்மாள் குரல் கொடுத்தாள். "வெள்ளை வேண்டாங்க. நம்ம தோப்பு மண்ணுக்குத் தினமும் கழுவணும். செவப்பு எழுதச் சொல்லுங்க."

சிவப்பு என்றே எழுதச் சொல்லி, முன்பணம் கட்டினேன்.