ரோஜாத் தோட்டத்து வரப்பில் கீழாநெல்லி

மத்திகிரியில் எங்கள் பகுதியில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி பறிப்பவர், பொழுது விடியுமுன் பறித்து, அரைத்து, மோரில் கலந்து நோயாளி குடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. எதிரில் வருபவரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பேசினால் மருந்து பலிக்காது. மூன்று காலை கொடுக்க வேண்டும்.

தம்பிக்குக் கண் மஞ்சளானதும் அவன் மனைவி தொடங்கினாள். திங்களும் செவ்வாயும் விடிகாலையில் செடியோடு வந்தவளைப் பார்த்து, முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னை ஆடுன்னு நெனச்சுட்டாளாண்ணா, தெனமும் தழைய அரைச்சு ஊத்தறா" என்று தம்பி சிரித்தான். செவ்வாய் மாலை இரண்டு முறை வாந்தி எடுத்தான். பித்தம் இறங்குகிறது என்றாள் அவள்.

புதன்கிழமை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, ரோஜாத் தோட்டத்துக் கம்பிவேலி இடுக்கிலிருந்து அவள் வெளியே வருவதைக் கண்டேன். அந்த வரப்பில் ஞாயிறு மாலை தோட்டக்காரர்கள் களைக்கொல்லி அடித்ததைப் பார்த்து, நாள்குறிப்பிலும் எழுதியிருந்தேன்.

வண்டியை நிறுத்தினேன். "இதை அங்கயா பறிச்சம்மா?"

தலையை ஆட்டிவிட்டு என்னைத் தாண்டப் பார்த்தாள்.

"மூணு நாளும் அங்கயேவா?"

அவள் கண் கலங்கியது. "கெடுத்துட்டீங்களே மாமா. இன்னிக்கு ஒரு நாள்தான் பாக்கி இருந்துச்சு."

"ஞாயித்துக்கெழம அங்க களைக்கு மருந்து அடிச்சிருக்காங்க."

கையிலிருந்த செடியைப் பார்த்தாள். "பச்சையாத்தான இருக்கு?"

"மருந்து பட்ட செடி காய ஒரு வாரம் ஆகும்."

தம்பியை ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் திரும்பிப் போய்த் தோட்டக் கொட்டகையில் கேட்டு, அந்தக் களைக்கொல்லியின் காலி பாட்டிலை வாங்கிவந்தேன். டாக்டர் அதில் அச்சிட்டிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"எத்தனை வேளை குடிச்சார்?"

"ரெண்டு" என்றாள்.

"செடிய கழுவினீங்களா?"

"கழுவினா சத்து போயிடும்னு..." என்றாள்.

"ஈரல் ஏற்கெனவே வீங்கியிருக்கு. ரத்தப் பரிசோதனை வரட்டும். அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவள் கேட்டாள்: "மொத நாளே கேட்டிருக்கலாமில்ல மாமா?"

"கேட்டா பலிக்காதுன்னு..." என்று தொடங்கினேன். உள்ளே தம்பி மறுபடி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்தோம்.